ஐந்து வேகப் பற்சக்கரப் பெட்டி மாற்றம்

ஐந்து வேகப் பற்சக்கரப் பெட்டி மாற்றம் என்பது, நான்கு முன்னோக்கு வேகங்கள் மட்டுமே கொண்டு வெளிவந்த பழைய வேன் முதலான ஊர்திகளின் கையியக்கப் பற்சக்கரப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஐந்து வேகங்கள் கொண்ட வேறொரு பெட்டியைப் பொருத்துவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "கியர் பாக்ஸ் மாற்றுதல்" எனப்படும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைத்தல், இரைச்சலைத் தணித்தல், எரிபொருளைச் சேமித்தல் ஆகியவை இம்மாற்றத்தின் நோக்கங்களாகும். எனினும் இது ஓர் உறுப்பை மட்டும் மாற்றும் வேலை அன்று. கிளட்ச், செலுத்துத் தண்டு, பின்னச்சு, பதிவுச் சான்று, காப்புறுதி ஆகிய அனைத்தையும் இது தொடுகிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்பட்ட வேன்களை, குறிப்பாக மாருதி ஆம்னியை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை விளக்குகிறது. பட்டு நெசவு நகரமான ஆரணியிலிருந்து சரக்கு எடுத்துச் செல்லும் ஒரு வேனின் பயணம் கணக்கீடுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

எஞ்சின் தரும் முறுக்கு விசையையும் சுழற்சியையும் சாலையின் தேவைக்கு ஏற்ப மாற்றித் தருவது பற்சக்கரப் பெட்டியின் பணியாகும். முதல் வேகத்தில் எஞ்சின் மூன்றரை முறை சுற்றும்போது வெளித்தண்டு ஏறத்தாழ ஒரு முறை சுற்றும். இதனால் விசை பெருகி, சுமையுடன் நிற்கும் வண்டி நகர்கிறது. நான்கு வேகப் பெட்டிகளில் நான்காம் வேகம் பெரும்பாலும் நேரிணைப்பாக, அதாவது 1.000 என்னும் விகிதத்தில் அமையும். அப்போது உள்தண்டும் வெளித்தண்டும் ஒரே வேகத்தில் சுழலும்.

ஐந்து வேகப் பெட்டிகள் இரு வகைப்படும்.

முதல் வகை: நான்காம் வேகம் நேரிணைப்பாகவும், ஐந்தாம் வேகம் 1.000-க்குக் குறைவான விகிதமாகவும் அமைந்தது. இதில் வெளித்தண்டு எஞ்சினைவிட விரைவாகச் சுழலும். இவ்வேகம் ஓவர் டிரைவ் எனப்படுகிறது.

இரண்டாம் வகை: ஐந்தாம் வேகமே நேரிணைப்பாக அமைந்து, அதற்குக் கீழுள்ள நான்கு வேகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டது. இது மலைச்சாலைக்கும் சுமைக்கும் உதவும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்காது.

பெட்டியில் ஐந்து வேகங்கள் உள்ளன என்பதை மட்டும் கொண்டு பயனை முடிவு செய்ய இயலாது. விகிதங்களை அறிந்த பின்னரே பயனை மதிப்பிட முடியும்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு உலகெங்கும் சிறிய மகிழுந்துகளில் ஐந்து வேகப் பெட்டிகள் பரவின. இந்தியாவில் இவை பரவலானது பெரும்பாலும் 1990களிலாகும்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் பழைய வேன்கள்

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு 20, தமிழ்நாட்டிலேயே உருவான பழைய வேன்களுள் ஒன்றாகும். புனேயைச் சேர்ந்த பஜாஜ் டெம்போ நிறுவனம் 1969 இல் மேட்டடார் வேனை அறிமுகப்படுத்தியது. இந்நிறுவனம் 2005 இல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பள்ளி வண்டியாகவும், திருமண வண்டியாகவும், சரக்கு வண்டியாகவும் மேட்டடார் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டது. இதன் ஜெர்மானிய மூல வடிவமைப்பு முன் சக்கர இயக்கம் கொண்டது. இத்தகைய அமைப்பில் பற்சக்கரப் பெட்டியும் இறுதிப் பற்சக்கரமும் ஒரே கூட்டினுள் அடங்குவதால், வேறு வண்டியின் பெட்டியைப் பொருத்துவது மிகக் கடினம்.

மாருதி நிறுவனம் 1984 இல் மாருதி வேன் என்னும் பெயரில் வெளியிட்ட வண்டி 1988 இல் ஆம்னி எனப் பெயர் பெற்றது. 796 கன செமீ கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் அமைந்திருந்தது. அதன் பின்னே நான்கு வேகப் பெட்டி, நீண்ட செலுத்துத் தண்டு, பின்னச்சு என இயக்கம் பின் சக்கரங்களுக்குச் சென்றது. 2019 இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை ஆம்னி நான்கு வேகப் பெட்டியுடனேயே விற்கப்பட்டது.

அதே நிறுவனத்தின் வெர்சா (2001-2009), 2010 இல் வெளிவந்த ஈக்கோ ஆகிய வேன்கள் ஐந்து வேகப் பெட்டி கொண்டவை. இதனால் "ஈக்கோ பெட்டியை ஆம்னியில் பொருத்தலாமா" என்னும் கேள்வி ஆம்னி உரிமையாளர்களிடையே எழுவது இயல்பு. ஆனால் வெர்சாவும் ஈக்கோவும் நான்கு உருளை கொண்ட, வேறு குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்களுடன் வந்தவை. எனவே ஒரே நிறுவனத்தின் வண்டி என்பதால் பெட்டி நேரடியாகப் பொருந்தும் என்று கொள்ளுதல் தவறு.

உற்பத்தியாளரே செய்த மாற்றம்: ஜிப்சி

நான்கு வேகத்திலிருந்து ஐந்து வேகத்துக்கு மாறிய இந்திய ஊர்திகளுள் மாருதி ஜிப்சி குறிப்பிடத்தக்கது. 1985 இல் வெளிவந்த ஜிப்சி 970 கன செமீ எஞ்சினும் நான்கு வேகப் பெட்டியும் கொண்டிருந்தது. 1996 இல் ஜிப்சி கிங் என்னும் வடிவம் 1298 கன செமீ எஞ்சினுடனும் ஐந்து வேகப் பெட்டியுடனும் வெளியானது. அதன் விகிதங்கள் பின்வருமாறு.

முதல் வேகம்: 3.652
இரண்டாம் வேகம்: 1.947
மூன்றாம் வேகம்: 1.423
நான்காம் வேகம்: 1.000
ஐந்தாம் வேகம்: 0.795

இங்கு கவனிக்கத்தக்கது, நிறுவனம் பெட்டியை மட்டும் மாற்றவில்லை என்பதாகும். பெட்டியுடன் வலிமை மிக்க எஞ்சினும் வந்தது. ஐந்தாம் வேகத்தை இழுத்துச் செல்ல எஞ்சினில் கூடுதல் விசை இருந்தால்தான் அவ்வேகம் பயன்படும் என்பதை இது காட்டுகிறது. பழைய எஞ்சினை அப்படியே வைத்துப் பெட்டியை மட்டும் மாற்றுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆரணி வேன்: ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த நகராட்சியாகும். பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் இந்நகர் பெயர் பெற்றது. ஆரணி சாலை எனப்படும் தொடர்வண்டி நிலையம் நகருக்கு வெளியே களம்பூரில் உள்ளது. எனவே பட்டு நூல், சரிகை, பாவு, நெய்து முடித்த சேலைகள் ஆகியவற்றின் போக்குவரத்து பெரிதும் சாலையைச் சார்ந்தது. சேலைக் கட்டுகள் எடையைவிட விலை மிகுந்தவை; மழையும் தூசியும் படக்கூடாதவை. இத்தகைய சரக்குக்கு மூடிய சிறு வேன் ஏற்றதாகும்.

இவ்வேனின் பயணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சுற்றியுள்ள நெசவு ஊர்களுக்கு இடையேயான குறுகிய பயணம். இரண்டாவது, ஆற்காடு வழியாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை அடைந்து காஞ்சிபுரம், சென்னை ஆகிய நகரங்களுக்குச் செல்லும் நீண்ட பயணம். மூன்றாவது, போளூர் வழியாகச் சவ்வாது மலைப் பக்கம் செல்லும் ஏற்றப் பயணம்.

பின்னச்சு விகிதம் 5.125 எனவும், டயர் 145/80 ஆர் 12 எனவும் கொண்டால், சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.69 மீட்டர் ஆகும். மணிக்கு 80 கிமீ வேகத்தில் எஞ்சின் சுழற்சி பின்வருமாறு அமையும்.

நான்காம் வேகத்தில் (1.000): நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,040 சுற்றுகள்
ஐந்தாம் வேகத்தில் (0.795 எனக் கொண்டால்): நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,210 சுற்றுகள்

எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும் வேனில் நிமிடத்துக்கு 800-க்கும் மேற்பட்ட சுற்றுகள் குறைவது, இரைச்சலிலும் வெப்பத்திலும் ஓட்டுநர் உடனே உணரக்கூடிய வேறுபாடாகும்.

இனி, எஞ்சினால் ஐந்தாம் வேகத்தை இழுக்க முடியுமா என்பதைப் பார்க்க வேண்டும். சுமையுடன் வண்டியின் நிறை 1,100 கிலோகிராம், உருள் தடைக் கெழு 0.015, காற்றுத் தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய மதிப்பு 1.0 சதுர மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 80 கிமீ வேகத்தில் சமதளத்தில் ஓட, சக்கரத்தில் ஏறத்தாழ 10 கிலோவாட்டும், பற்சக்கர இழப்பைச் சேர்த்து எஞ்சினில் ஏறத்தாழ 11 கிலோவாட்டும் தேவைப்படும். 3,210 சுற்றில் எஞ்சின் 55 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருமாயின் அதன் திறன் 18.5 கிலோவாட் ஆகும். எஞ்சியிருப்பது ஏறத்தாழ 7 கிலோவாட்.

சாலை 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயர்ந்தால் கூடுதலாக ஏறத்தாழ 8 கிலோவாட் தேவைப்படும். ஆகவே ஒரு மேம்பாலத்தின் சாதாரண ஏற்றத்திலேயே வேகம் குறையத் தொடங்கி, ஓட்டுநர் நான்காம் வேகத்துக்கு இறங்க நேரிடும். எதிர்க் காற்றும் கூரை மீது ஏற்றிய சுமையும் இதே விளைவைத் தரும். மணிக்கு 40 கிமீ வேகத்தில் ஐந்தாம் வேகத்தைப் பயன்படுத்தினால் சுழற்சி ஏறத்தாழ 1,600 ஆகக் குறைந்து எஞ்சின் திணறும். எனவே நெசவு ஊர்களுக்கு இடையேயான பயணத்தில் ஐந்தாம் வேகம் பயன்படாது. மலை ஏற்றத்தில் அதற்கு வேலையே இல்லை. அங்கு முதல் இரண்டு வேகங்களே வண்டியைக் கொண்டு செல்கின்றன.

மாற்றத்தில் கவனிக்கப்படும் உறுப்புகள்

பெல் ஹவுசிங்: பெட்டியின் முன்பகுதியான இக்கூடு எஞ்சினுடன் இணையும் இடமாகும். போல்ட் துளைகளின் அமைப்பு எஞ்சின் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பொருந்தாதபோது லேத் பட்டறையில் இடைத்தகடு ஒன்று கடைந்து பொருத்தப்படும். இத்தகட்டின் மையம் எஞ்சின் அச்சுடன் துல்லியமாக ஒன்றாவிடில், பைலட் பேரிங்கும் உள்தண்டும் விரைவில் தேயும். தகட்டின் தடிப்பால் உள்தண்டு பைலட் பேரிங்கை எட்டாமல் போவதும் உண்டு.

கிளட்ச்: கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள ஸ்பிளைன் பற்கள் புதிய பெட்டியின் உள்தண்டுக்குப் பொருந்த வேண்டும்; தட்டின் விட்டம் பழைய பறப்புச் சில்லுக்குப் பொருந்த வேண்டும். ரிலீஸ் பேரிங்கின் நகர்வுத் தூரமும் சரிபார்க்கப்படும்.

செலுத்துத் தண்டு: ஐந்து வேகப் பெட்டி பெரும்பாலும் நான்கு வேகப் பெட்டியைவிட நீளமானது. எனவே செலுத்துத் தண்டு வெட்டிக் குறுக்கப்பட்டு, மீண்டும் பற்றவைக்கப்பட்டு, சுழல் சமநிலை பார்க்கப்படும். ஐந்தாம் வேகத்தில் இத்தண்டு எஞ்சினைவிட விரைவாகச் சுழலும் என்று தோன்றினாலும், வண்டியின் வேகம் மாறாதவரை தண்டின் வேகமும் மாறாது. குறைவது எஞ்சினின் சுழற்சியே. எனினும் சமநிலை தவறிய தண்டு அதிர்வை உண்டாக்கிப் பேரிங்குகளையும் கிராஸ் ஜாயிண்டுகளையும் கெடுக்கும். ஓடும்போது முறிந்த தண்டு தரையில் குத்தி வண்டியைக் கவிழ்க்கவும் கூடும். இம்மாற்றத்தில் உயிருக்கு நேரடி ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதி இதுவே.

தாங்கிச் சட்டம்: பெட்டியின் பின்பகுதியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாற்றப்படும். பெட்டியின் வெளித்தண்டும் பின்னச்சின் பினியனும் ஏறத்தாழ இணையான கோணத்தில் இருக்க வேண்டும். கோணம் பிசகினால், தண்டு சமநிலையில் இருந்தாலும் அதிர்வு நீங்காது.

வேக மாற்றுத் தண்டு: ஆம்னி போன்ற வேன்களில் ஓட்டுநர் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருப்பதால் இணைப்புக் கம்பிகள் வழியே வேகம் மாற்றப்படுகிறது. புதிய பெட்டியில் பின்னோக்கு வேகத்தின் இடம் வேறுபடலாம். ஐந்தாம் வேகத்திலிருந்து தவறுதலாகப் பின்னோக்கு வேகத்துக்குச் செல்லாதபடி தடுக்கும் அமைப்பு செயற்படுகிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

வேகமானி: வேகமானியை இயக்கும் சிறு பற்சக்கரத்தின் பற்கள் பின்னச்சு விகிதத்துக்கும் டயருக்கும் ஏற்றவை. புதிய பெட்டியிலுள்ள பற்சக்கரம் வேறுபட்டால் வேகமும் தொலைவும் தவறாகக் காட்டப்படும்.

எண்ணெய்: பெட்டிக்கு உற்பத்தியாளர் கூறிய தர எண்ணெயே இடப்பட வேண்டும். ஜி.எல்-5 வகை எண்ணெய்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையாலான சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால் பல பழைய பெட்டிகளுக்கு ஜி.எல்-4 பரிந்துரைக்கப்படுகிறது. "இரண்டும் கியர் ஆயில்தானே" என்று மாற்றி ஊற்றுவது பெட்டிக்குக் கேடு விளைவிக்கும்.

பழைய உதிரிப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பிரிக்கப்பட்ட வண்டிகளின் பெட்டிகள் கிடைக்கின்றன. வாங்குமுன் உள்தண்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு வேகத்திலும் அத்தண்டு எத்தனை முறை சுற்றினால் வெளித்தண்டு ஒரு முறை சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதத்தைத் தோராயமாக அறியலாம். ஐந்தாம் வேகத்தில் இவ்வெண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் அது ஓவர் டிரைவ் வகையாகும். எண்ணெயில் உலோகத் துகள்கள் மிதத்தல், தண்டு பக்கவாட்டில் ஆடுதல், சுற்றும்போது உறுமல் ஒலி எழுதல் ஆகியவை தேய்வின் அறிகுறிகள். எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கான விற்பனைச் சீட்டைப் பெறுவது, களவுப் பொருள் என்னும் ஐயத்திலிருந்து வாங்குபவரைக் காக்கும்.

செலவும் பயனும்

மாற்றத்தின் முழுச் செலவு 30,000 ரூபாய், பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய் எனக் கொள்வோம். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 14 கிமீ ஓடிய வண்டி, மாற்றத்துக்குப் பின் 15 கிமீ ஓடுவதாகவும் கொள்வோம். அப்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 48 காசு மிச்சமாகும். போட்ட பணம் திரும்ப 63,000 கிமீ நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். வாரம் ஒரு முறை சென்னைக்குச் சென்று திரும்பும் வேன், நெடுஞ்சாலையில் 200 கிமீ ஓடுவதாகக் கொண்டால் இதற்கு ஆறு ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் செல்லும் வேனுக்கு ஓராண்டுக்குள் முடியும்.

இந்தியாவில் போக்குவரத்து அல்லாத ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையுடன் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. போக்குவரத்து ஊர்திகளுக்குத் தகுதிச் சான்று இதைவிடக் குறுகிய இடைவெளியில் தேவைப்படுகிறது. எனவே வாரம் ஒரு முறை மட்டும் நெடுந்தொலைவு செல்லும் சிறு வணிகருக்கு, பணம் திரும்பும் முன்னரே வண்டியின் காலம் முடிந்துவிடக்கூடும்.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திகள் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றக்கூடாது என்கிறது. எரிவாயு, மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு, அரசு ஏற்ற கருவித் தொகுதிகளைக் கொண்டு விதிகளுக்கு உட்பட்டுச் செய்யும் வழி தரப்பட்டுள்ளது. 2019 சனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பதிவுச் சான்றில் சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இடம்பெறுகின்றன. பற்சக்கரப் பெட்டியின் எண் இடம்பெறுவதில்லை. அதே வகைப் பெட்டியைப் பழுதுக்காக மாற்றுவது வழக்கமான பராமரிப்பாகும். ஆனால் வேறு வகைப் பெட்டிக்காகச் சட்டத்தை வெட்டுவதும், எஞ்சினையே மாற்றுவதும் வேறு நிலையாகும். எனவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவதும், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் தேவை. தெரிவிக்கப்படாத மாற்றம் கண்டறியப்பட்டால், விபத்தின்போது வண்டிக்கான இழப்பீடு மறுக்கப்படக்கூடும். சேலைக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் வணிகருக்கு அவ்விழப்பு, சேமித்த பெட்ரோலைவிடப் பல மடங்கு பெரிதாகும்.

மாற்று வழிகள்

பின்னச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களின் விகிதத்தைக் குறைத்தாலும் நெடுஞ்சாலைச் சுழற்சி குறையும். ஆனால் இது எல்லா வேகங்களையும் ஒருசேர உயர்த்துவதால் முதல் வேகத்தின் இழுவையும் குறைந்து, சுமையுடன் ஏற்றத்தில் புறப்படுவது கடினமாகும். ஐந்து வேகப் பெட்டியின் சிறப்பு, கீழ் வேகங்களைக் கெடுக்காமல் மேலே ஒரு வேகத்தைச் சேர்ப்பதிலேயே உள்ளது.

செலவற்ற வழிகளும் உள்ளன. டயரில் சரியான காற்றழுத்தம், கூரைச் சுமையைத் தவிர்த்தல், மணிக்கு 80 கிமீ என்பதற்கு மாறாக 65 கிமீ வேகத்தில் செல்லுதல் ஆகியவை அவை. மேற்கண்ட எடுத்துக்காட்டு வேனில் 65 கிமீ வேகத்தில் நான்காம் வேகச் சுழற்சி ஏறத்தாழ 3,290 ஆகும். ஐந்தாம் வேகத்தில் 80 கிமீ செல்லும்போதுள்ள சுழற்சிக்கு இது மிக நெருங்கியது. காற்றுத் தடையும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நெடுஞ்சாலைப் பயணமே தொழிலாக இருப்பவர்களுக்கு, ஐந்து வேகப் பெட்டியுடனேயே தயாரிக்கப்பட்ட வேன் ஒன்றைப் பழைய நிலையில் வாங்குவது பெரும்பாலும் பொருத்தமானதாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

பற்சக்கரம்
கிளட்ச்
உள் எரி எஞ்சின்
மாருதி ஆம்னி
ஆரணி